முள்கரண்டி மனிதர்

இத்தாலிக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பீட்சா, பாஸ்தா என்று நாக்கைச் சப்புக் கொட்டுவார்கள். 1608-ல் அங்கே போன ஓர் இங்கிலாந்துக்காரர் மட்டும், சாப்பாட்டைவிட சாப்பிட உதவிய ஒரு சாமானைப் பார்த்துத்தான் அசந்துபோனார். முள்கரண்டி!

பெயர் தாமஸ் கோரியட். ஆட்கம் என்ற கிராமத்துப் பாதிரியாரின் மகன். இளவரசர் ஹென்றியின் அரண்மனையில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர். திடீரென்று ஊர் சுற்றும் ஆசை. மே மாதம் கிளம்பி வெனிஸ் வரை போய், அக்டோபரில் வீடு வந்து சேர்ந்தார். கிட்டத்தட்ட 1,975 மைல். திரும்பும் வழி பெரும்பாலும் நடராஜா சர்வீஸ்தான்! அந்தச் செருப்புகளை ஊர் சர்ச்சில் மாட்டிவைத்தார் என்றால், மனுஷனின் பெருமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் கிரெமோனாவில் தவளை வறுவல்கூடச் சாப்பிட்டார். ஆனால், அவரை மிரள வைத்தது சாப்பாட்டு மேஜையில் நடந்த வேறொரு விஷயம்.

அன்றைய இங்கிலாந்தில் நடுவில் ஒரு பெரிய தட்டில் இறைச்சி இருக்கும். ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கத்தியால் அறுக்க வேண்டியதுதான். யார் கை, என்ன கை என்ற கேள்வியே கிடையாது. இத்தாலியிலோ இறைச்சியைப் பிடித்துக்கொள்ள முள்கரண்டி. பெரும்பாலும் இரும்பு அல்லது எஃகு. பெரிய மனிதர் என்றால் வெள்ளி. தெரியாத்தனமாகப் பொதுத்தட்டில் விரலை வைத்துவிட்டால் போச்சு, சுற்றி இருப்பவர்கள் முறைத்தே கொன்றுவிடுவார்கள். எல்லோருடைய விரலும் ஒரே மாதிரி சுத்தமாகவா இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

நியாயம்தானே? கோரியட்டும் முள்கரண்டிக்கு மாறினார். ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. 1611-ல் தன் பயணப் புத்தகத்தில் இதையெல்லாம் எழுதினார். பாராட்டவா செய்தார்கள்? லாரன்ஸ் விட்டேக்கர் என்ற நண்பர் ‘ஃபர்சிஃபர்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார். முள்கரண்டி தூக்கி என்றும் சொல்லலாம். லத்தீனில் அதற்கு போக்கிரி என்றும் அர்த்தம்!

வெனிஸ் மட்டும் ஒழுங்கா என்ன? 11-ம் நூற்றாண்டில் பைசாண்டியத்திலிருந்து அங்கே வாழ வந்த ஒரு சீமாட்டி தங்க முள்கரண்டியால் சாப்பிட்டதற்கு, பீட்டர் டேமியன் என்ற துறவி ஆடம்பரம், அகம்பாவம் என்று வறுத்து எடுத்திருக்கிறார். புதுசாக எது வந்தாலும் முதலில் திட்டு, பிறகு கேலி, கடைசியில் பழக்கம். இங்கிலாந்தில் முள்கரண்டி சகஜமாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

கோரியட் அதற்குள் வேறு திசையில் நடக்க ஆரம்பித்திருந்தார். 1612-ல் கிளம்பியவர் கான்ஸ்டான்டிநோபிள், ஜெருசலேம், பாரசீகம் வழியாக, 1615-ல் ஆஜ்மீருக்கே வந்துவிட்டார்! அலெப்போவிலிருந்து பத்து மாதம். செலவு மூன்று பவுண்டு. காமர்ஸ் படித்த எனக்கு இந்தக் கணக்கு இன்னமும் பிடிபடவில்லை.

பாரசீக மொழி கற்றுக்கொண்டு ஜஹாங்கீர் முன் நின்று புகழ்ந்து பேசினார். ஜன்னலிலிருந்து நூறு ரூபாய் வந்து விழுந்தது. ‘கையேந்தி நம் நாட்டு மானத்தை வாங்கிவிட்டாயே’ என்று கொதித்தார் இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோ. கோரியட்டும் பதிலுக்குச் சூடாகவே கொடுத்திருக்கிறார்.

1617 டிசம்பர். சூரத்தில் வயிற்றுக்கடுப்போடு வந்து சேர்ந்தவருக்கு ஆங்கில வியாபாரிகள் மது வாங்கிக் கொடுத்தார்கள். உபசரிப்புதான். ஆனால், உடம்பு தாங்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார். சுமார் நாற்பது வயது. என்னைவிடச் சின்னவர்!

கையால் சாப்பிடும் நம்மைப் பார்த்து முகம் சுளிக்கும் வெள்ளைக்காரர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோரியட் ஞாபகம்தான் வரும். இத்தாலியில் அவர் கற்றுக்கொண்ட பாடத்தில் பிரச்னை விரல் இல்லை... அடுத்தவன் விரல்! அவரவர் இலையில் அவரவர் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுகிறவனுக்கு முள்கரண்டி எதற்கு?