கேட்காமல் எடுத்த படம்: அந்தரங்கத்தைச் சட்டம் காக்கிறதா?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் கேமராவுக்குப் பஞ்சமில்லை. மொட்டையடித்த குழந்தை, அலகு குத்தும்போது கண்மூடி நிற்கும் பக்தர், ஈரச் சேலையோடு பால்குடம் ஏந்தி வரும் பெண், அருள் வந்து ஆடும் மூதாட்டி என எல்லாரையும் கைத்தொலைபேசிகள் சூழ்ந்து கொள்கின்றன. அடுத்த சில நிமிடங்களில் அந்தப் படம் உலகத்தைச் சுற்றி வந்துவிடுகிறது. "படம் எடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

பொது இடம்தானே, எதற்குக் கேட்க வேண்டும் என்பார்கள். இந்தக் கேள்வி மலேசியாவில் ஏற்கனவே நீதிமன்றப் படியேறியிருக்கிறது. அந்த வரலாற்றில் பினாங்குக்கும் ஒரு முக்கிய இடம் உண்டு.

பழைய சட்டத்தில் ஒரு சொல்

அந்தரங்க உரிமை பற்றிய முதல் பெரிய கட்டுரையை 1890ல் அமெரிக்க வழக்கறிஞர்கள் சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைசும் எழுதினார்கள். கையடக்கக் கேமராவும் வம்பு பேசும் பத்திரிகைகளும் பெருகிய காலம் அது. மனிதனைத் தனியாக இருக்க விடுங்கள் என்பதே அவர்கள் வாதம். 1948ல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் தன் 12ஆவது விதியில் இதை ஏற்றுக்கொண்டது.

ஆனால், 1957ல் மெர்டேக்காவோடு வந்த அரசியலமைப்புச் சட்டத்தில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒரு விதி இல்லை. பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி 1871ல் ஒரு தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. அந்த வழியில் வந்த இன்றைய தண்டனைச் சட்டத்தின் 509ஆவது பிரிவு, ஒருவரின் மானத்துக்கு இழுக்கு உண்டாக்கும் நோக்கத்தோடு அவர் அந்தரங்கத்தில் தலையிடுவதைக் குற்றம் என்கிறது. குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கும். ஆனால் பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்க முடியுமா?

இங்கேதான் சிக்கல். 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டப்படி, உள்ளூர்ச் சட்டம் வழி சொல்லாத இடத்தில் ஆங்கிலேயர்களின் பொதுச் சட்டத்தையே நீதிமன்றம் நாட வேண்டும். அந்தச் சட்டத்திலோ அந்தரங்க மீறல் என்ற தனி வழக்கே கிடையாது. தலையில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த நடிகர் கோர்டன் கேயின் அறைக்குள் பத்திரிகைக்காரர்கள் புகுந்து படம் எடுத்தபோதுகூட, 1990ல் லண்டன் நீதிபதிகள் இந்த உரிமை சட்டத்தில் இல்லையே என்று வருந்தத்தான் முடிந்தது.

2004ல் அதே நிலை மலேசியாவிலும் தெரிந்தது. பாலர் பள்ளிக்கு வெளியே திறந்த இடத்தில் எடுக்கப்பட்ட குழந்தைகளின் படம் ஒரு விளம்பரத்தில் வந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. அந்தரங்க மீறலுக்கு வழக்குத் தொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பானது.

இரண்டு பெண்கள்

கதவைத் திறந்தவர்கள் இரண்டு பெண்கள். 2003ல் கோலாலம்பூரில் சமய அதிகாரிகள் நடத்திய சோதனையில் ஒரு பெண் பிடிபட்டார். கழிப்பறைக்குப் போக அனுமதி கிடைக்காமல், லாரிக்குள்ளேயே, தோழியர் துணியால் மறைத்து நிற்க, சிறுநீர் கழித்தார். ரேலா உறுப்பினர் ஒருவர் அதைப் படம் எடுத்தார். அவமானம் என்று அந்தப் பெண் ஒதுங்கிவிடவில்லை, வழக்குத் தொடுத்தார். படம் எடுத்தவர் மட்டுமல்ல, அரசாங்கமும் பொறுப்பேற்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009ல் தீர்ப்பளித்தது.

அடுத்த வழக்கு பினாங்கில். மூலநோய்ச் சிகிச்சையின்போது மயக்க மருந்தில் இருந்த ஒரு பெண்ணின் அந்தரங்கப் பகுதியை, அவர் சம்மதமின்றி மருத்துவர் படம் எடுத்தார். இது மருத்துவ நடைமுறைதான் என்றது எதிர்த்தரப்பு. பினாங்கு உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சம்மதம் கேட்டிருக்க வேண்டும். ஒரு பெண்ணின் மானமும் கண்ணியமும் சட்டம் காக்க வேண்டியவை என்று 2010ல் சொன்னது. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பே இதற்குத் துணை நின்றது. அந்தரங்க மீறலுக்காக வழக்குத் தொடுக்கலாம் என்பது பளிச்சென்று ஏட்டில் ஏறியது.

சிவராசா ராசையா வழக்கில், அரசியலமைப்பின் 5ஆவது விதி சொல்லும் தனிமனித சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதியதும் இதே காலகட்டத்தில்தான். ஆனால் அரசியலமைப்பு உரிமையை அரசாங்கத்துக்கு எதிராகத்தான் கோர முடியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராக அல்ல. பின்னால் வந்த வழக்குகளிலும் எல்லா நீதிபதிகளும் ஒரே வழியில் போகவில்லை.

இந்தியாவும் தீர்ப்புத் தீர்ப்பாகத்தான் நடந்து வந்தது. 'ஆட்டோ' சங்கரின் சுயசரிதை தொடர்பாக 'நக்கீரன்' ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994ல் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை விளக்கியது. 2017 ஆகஸ்டு 24ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, இது அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள்.

மடியில் கனம்

மலேசியாவில் 2010ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. ஆனால் அது வணிக நடவடிக்கைகளுக்கு மட்டுமே. கூட்டரசு, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. 2017ல் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்தது தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. 2019 ஜனவரியில் பினாங்கு மாநில அரசாங்கம் முகத்தை அடையாளம் காணும் கேமராக்களை அறிமுகப்படுத்தியது. குற்றவாளியைப் பிடிக்க அது உதவலாம். ஆனால் குற்றமே செய்யாதவர் முகமும் அதில் பதிகிறதே!

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பது பழமொழி. உண்மைதான். ஆனால் மருத்துவக் கட்டிலில் மயங்கிக் கிடந்த பெண்ணின் மடியில் என்ன கனம் இருந்தது? மறைக்க எதுவும் இல்லாதவருக்கும் மானம் உண்டு. அதைத் திறந்து காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். அந்தரங்க உரிமை என்பது இதுவே.

மருத்துவமனையில் கையெழுத்துப் போடும் முன் சம்மதப் படிவத்தைப் படித்துப் பார்ப்பதும், படம் எடுப்பார்களா என்று கேட்பதும் நோயாளியின் உரிமை. பிறர் வந்து வாங்கித் தர வேண்டியதில்லை. ஆனால் வெட்கத்தை விழுங்கி நீதிமன்றம் ஏறும் ஒவ்வொருவரும் புதிதாகப் போராட வேண்டிய நிலை மாற வேண்டுமானால், நாடாளுமன்றம் அந்தரங்க மீறலுக்குத் தெளிவான ஒரு சட்டம் இயற்ற வேண்டும்.

அதுவரைக்கும் தண்ணீர்மலையில் கேமராவைத் தூக்குபவர் ஒரு வார்த்தை கேட்கலாம். வேண்டாம் என்று எதிரே நிற்பவர் தலையசைத்தால், கேமராவைக் கீழே இறக்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.