சாட்சிக் கூண்டும் குறுக்கு விசாரணையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நம் மஹல்லாவாசிகளில் பலர் ஏதேனும் ஒரு நாளில் நீதிமன்றப் படியேறிச் சாட்சி கூற நேர்ந்தவர்களே. சொத்துப் பத்திரத்தில் கையொப்பமிட்டதற்காகவோ, சாலை விபத்தொன்றைக் கண்ணால் கண்டதற்காகவோ அழைக்கப்பட்டுக் கூண்டில் நின்றோர், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்த கணத்தில் நாவறண்டு போனதை நம்மிடம் கூறியதுண்டு. “உண்மையைத்தானே சொல்லப் போனோம், ஏன் இவ்வளவு குடைகிறார்கள்?” என்பதே அவர்களின் மனக்குறை. அக்குறை நியாயமானதுதானா என்பதை, நூற்றாண்டு கடந்தும் சட்டக் கல்லூரிகளில் பேசப்படும் ஒரு வழக்கைக் கொண்டு இங்கு ஆராய விழைகிறோம்.

அயர்லாந்து, ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் இருந்த காலம். அம்மக்களுக்குத் தன்னாட்சி வேண்டி லண்டன் பாராளுமன்றத்தில் போராடியவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல். 1882ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் டப்ளின் நகரின் ஃபீனிக்ஸ் பூங்காவில் தலைமைச் செயலாளர் கேவன்டிஷ் பிரபுவும், நிரந்தரத் துணைச் செயலாளர் தாமஸ் பர்க்கும் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டனர். பார்னெல் அக்கொலையைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ஆனால் ஐந்தாண்டுகள் கழித்து, 1887 ஏப்ரல் 18 அன்று, லண்டன் ‘டைம்ஸ்’ நாளேடு அவருடைய கையொப்பமிட்டதாகக் கூறி ஒரு கடிதத்தின் நகலை வெளியிட்டது. பர்க்குக்கு நேர்ந்தது அவருக்குத் தகுந்ததே என்னும் பொருள் தொனித்த கடிதம் அது. பொய்யாகப் புனையப்பட்டதென்று பார்னெல் அன்றே மறுத்தார். நாட்டின் மிகப் பெரிய பத்திரிகையின் வாக்குக்கு எதிரே, குற்றம் சாட்டப்பட்ட சிறுபான்மைச் சமூகத் தலைவர் ஒருவரின் மறுப்பு எவ்வளவு எடுபடும்? எடுபடவில்லை.

1888இல் மூன்று நீதிபதிகள் கொண்ட விசாரணைக் கமிஷன் தனிச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. ‘டைம்ஸ்’ தரப்பில் அட்டர்னி ஜெனரல் சர் ரிச்சர்ட் வெப்ஸ்டர் தோன்றினார். பார்னெல் தரப்பில் சர் சார்லஸ் ரஸ்ஸலும், அவருக்குத் துணையாக, பிற்காலத்தில் பிரதமரான ஆஸ்க்வித்தும் தோன்றினர். மாதக்கணக்கில் சாட்சிகள் வந்து போயினர். இறுதியில் 1889 பிப்ரவரியில் அக்கடிதங்களைத் தேடித் தந்தவரான ரிச்சர்ட் பிகட் என்னும் டப்ளின் பத்திரிகையாளர் கூண்டேறினார். வழுக்கைத் தலையும் வெண்தாடியுமாக, பார்வைக்குக் கண்ணியமானவராகவே இருந்தார். பாரிஸில் சிலரிடமிருந்து கடிதங்களை விலைக்கு வாங்கியதாகத் தம் கதையைத் தடையின்றிச் சொல்லி முடித்தார்.

ரஸ்ஸல் எழுந்தார். கோபமில்லை, அதட்டலில்லை. ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்துச் சில சொற்களை எழுதித் தருமாறு கேட்டார். சாட்சியின் பெயர், வேறிரு பெயர்கள், பிழைப்பு, மதமாற்றம் போன்ற பொருளுடைய சில சொற்கள். பிகட் எழுதினார். தாளை வாங்கப் போகும் தறுவாயில், மறந்துவிட்டதைப் போல, இன்னும் ஒரு சொல் என்றார் ரஸ்ஸல். தயக்கம் எனப் பொருள்படும் ‘ஹெசிடன்ஸி’ என்னும் ஆங்கிலச் சொல் அது. முதலெழுத்தைச் சிறிய எழுத்தாக எழுதுமாறும் கேட்டுக்கொண்டார். அச்சிறிய எழுத்தில்தான் ஏதோ பொறி இருக்கிறதென்று சாட்சி எண்ணியிருக்க வேண்டும். அவர் கவனம் அங்கே சென்றது. சொல்லின் நடுவே ‘ஏ’ என்ற எழுத்து வரவேண்டிய இடத்தில் ‘ஈ’ என்ற எழுத்தை இட்டுவிட்டார். பார்னெலின் பெயரால் வந்த கடிதங்களில் ஒன்றிலும் அச்சொல் அதே பிழையோடுதான் இருந்தது.

இது அந்த நேரத்தில் தோன்றிய சாமர்த்தியம் அன்று. பார்னெலின் பழைய தோழரான பேட்ரிக் ஈகன், அமெரிக்காவிலிருந்து, பிகட் முன்பு தமக்கு எழுதிய கடிதங்களை அனுப்பியிருந்தார். அவற்றை வரிவரியாகப் படித்த பிறகே ரஸ்ஸல் நீதிமன்றம் வந்தார். குறுக்கு விசாரணையின் பெரும்பகுதி வீட்டு மேசையில் முடிந்துவிடுகிறது என்று வக்கீல்கள் சொல்வது இதனால்தான்.

ஆயினும் அந்த எழுத்துப் பிழையை விட, அடுத்து நிகழ்ந்ததே நமக்கு மேலான திறனாகத் தோன்றுகிறது. ‘டைம்ஸ்’ கட்டுரைகள் வெளிவரத் தொடங்கியது 1887 மார்ச் 7 அன்று. அவை வரப்போவது உமக்கு முன்கூட்டியே தெரியுமா என்று ரஸ்ஸல் கேட்டார். தெரியாது என்றார் பிகட். ரஸ்ஸல் மறுக்கவில்லை, அந்தப் பதிலை நன்றாக உறுதிப்படுத்திக் கொண்டார். எல்லாக் கதவுகளும் அடைபட்ட பிறகுதான் ஒரு கடிதத்தை எடுத்தார். பிகட் டப்ளின் பேராயர் வால்ஷுக்கு எழுதியது. நாள் 1887 மார்ச் 4. பார்னெலின் செல்வாக்கை அழிக்கும் நடவடிக்கைகள் ஆயத்தமாகி வருகின்றன, அவற்றை முறியடிக்கும் வழி எனக்குத் தெரியும் என்னும் கருத்துப்பட அதில் எழுதியிருந்தது. முதலிலேயே அக்கடிதத்தைக் காட்டியிருந்தால், பிகட் அதற்கேற்ப ஒரு விளக்கத்தைப் புனைந்திருப்பார். வரிசை மாறியிருந்தால் வழக்கே மாறியிருக்கும். நாணய விஷயத்தில் அவர் பிறருக்கு எழுதிய வேறு கடிதங்களும் தொடர்ந்து படிக்கப்பட, மன்றம் சிரித்தது. பிகட் வியர்த்து, முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார்.

அடுத்த அமர்வு பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை. பெயர் கூவப்பட்டது, பதிலில்லை. இடையில், சனிக்கிழமையன்று, பாராளுமன்ற உறுப்பினர் லபூஷேரின் இல்லத்தில் கடிதங்களைத் தாமே புனைந்ததாக ஒப்புக்கொண்டுவிட்டு நாட்டை விட்டு ஓடியிருந்தார். மார்ச் 1ஆம் நாள் மாட்ரிட் நகர விடுதியொன்றில் காவலர் கதவைத் தட்டியபோது தம்மைத் தாமே சுட்டு மாய்த்துக்கொண்டார். ‘டைம்ஸ்’ பின்னர் பார்னெலுக்கு 5,000 பவுண்டு நஷ்டஈடு தந்தது.

நம் நாட்டில் இக்கலைக்கு வடிவம் தந்தது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். அதை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மறு விசாரணை என்னும் வரிசையும், பதிலைத் தூண்டும் வினாக்களைக் குறுக்கு விசாரணையில் கேட்கலாம் என்னும் அனுமதியும் அதில் உண்டு. முன்பு எழுதியதைக் காட்டாமலேயே அதுபற்றிச் சாட்சியைக் கேட்கலாம். ஆனால் அதைக் கொண்டு அவரைப் பொய்யராக்க வேண்டுமாயின், அந்தப் பகுதியை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்றது 145ஆம் பிரிவு. ரஸ்ஸல் செய்ததும் ஏறத்தாழ இதுவே. அவமதிக்கும் நோக்குடைய வினாக்களைத் தடுக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அது போதிய அளவு பயன்படுத்தப்படுவதில்லை என்பது நம் எண்ணம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் அச்சட்டத்தின் இடத்தைப் பிடித்துள்ளது. பிரிவு எண்கள் மாறினவேயன்றி இம்முறை மாறவில்லை.

நம் முன்னோர் அறிந்த காஜி மன்றங்களில் வழி வேறாக இருந்தது. அங்கே சாட்சியை வினவுவது காஜியின் பொறுப்பு. சாட்சியின் நேர்மையைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்து அறிவதற்குத் ‘தஸ்கியா’ என்று பெயர்; அதற்கென நம்பகமானவர்கள் நியமிக்கப்பட்டனர். ஐயம் எழுந்தால் சாட்சிகளைத் தனித்தனியே பிரித்து வினவுவதும் உண்டு. சாட்சி கூற வந்தவருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் தரும் கட்டளை.

அத்தீங்கு எத்தகையது என்பதற்கு நியூயார்க் வழக்கொன்று சான்று. 1911 மார்ச் 25 அன்று ‘டிரையாங்கிள்’ என்னும் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 146 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் புலம்பெயர்ந்த இளம் பெண்கள். ஒன்பதாம் மாடியின் கதவு பூட்டப்பட்டிருந்ததா என்பதே வழக்கு. தப்பிப் பிழைத்த கேட் ஆல்டர்மன் என்னும் பெண், தோழி கதவருகே சிக்கி மடிந்ததைக் கூறினார். முதலாளிகளின் வக்கீல் மாக்ஸ் ஸ்டூயர் அவரை வையவில்லை. அதே கதையை மீண்டும் சொல்லச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. அப்பெண் ஏறக்குறைய அதே சொற்களில் சொன்னார். ஒரு சொல் விடுபட்டதை வக்கீல் சுட்டியதும் அதையும் சேர்த்துச் சொன்னார். மனப்பாடம் செய்துவந்த சாட்சி என்று ஜூரிகள் எண்ணுவதற்கு அது போதுமானதாயிற்று. அந்நிய மொழியில் பேசும் ஏழைப் பெண், நெஞ்சைச் சுட்ட ஒரு காட்சியை வேறு எத்தனை விதமாகச் சொல்வாள் என்று நாம் கேட்கிறோம். டிசம்பர் 27 அன்று முதலாளிகள் விடுதலையாயினர். 1914இல் உரிமையியல் வழக்குகள் முடிந்தபோது ஓர் உயிருக்குக் கிடைத்தது சுமார் 75 டாலர்.

பிகட்டை வீழ்த்தியதும் ஆல்டர்மனை வீழ்த்தியதும் ஒரே திறன்தான். ரஸ்ஸலிடம் ஆவணம் இருந்தது. ஸ்டூயரிடம் தோற்றம் மட்டுமே இருந்தது.

பார்னெலின் எஞ்சிய கதையையும் சொல்லிவிட வேண்டும். பிகட் மாண்ட அதே நாளில் பாராளுமன்றத்தில் அவரது கட்சியாரோடு எதிர்க்கட்சித் தலைவர் கிளாட்ஸ்டனும் எழுந்து நின்று அவருக்கு மரியாதை செய்தார். ரஸ்ஸல் 1894இல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியானார். ஆனால் 1890 நவம்பரில், கேப்டன் ஓஷே தம் மனைவிக்கு எதிராகத் தொடுத்த விவாகரத்து வழக்கில் பார்னெலும் பிரதிவாதியாக்கப்பட்டார். இம்முறை அவர் எதிர்வழக்காடவில்லை. தமக்காக வக்கீல் எவரையும் அனுப்பவுமில்லை. கணவர் வந்ததும் அவர் மாடியிலிருந்து தீயணைப்பு ஏணி வழியாக இறங்கி ஓடுவார் என்று வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி சாட்சி சொன்னாள். அவளிடம் ஒரு கேள்வி கேட்கவும் அவர் தரப்பில் எவருமில்லை. தொடர்பு உண்மையே, ஏணிக் கதை உண்மையா என்பது சோதிக்கப்படவே இல்லை. நாடெங்கும் அக்கதை நகைப்புக்குரிய பாட்டாகவும் படமாகவும் பரவியது. டிசம்பரில் கட்சி பிளந்தது. 1891 அக்டோபர் 6 அன்று, 45ஆம் வயதில், பார்னெல் இறந்தார்.