குதிரைக்கு வயிற்று வலி: மாட்டு வைத்தியம் கூடாது

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி விவசாயிகளுக்கு மாடு நன்கு பழகிய கால்நடை. வண்டிக்கோ பந்தயத்துக்கோ குதிரை வாங்குபவர்கள், மாட்டுக்குச் செய்வதையே அதற்கும் செய்துவிடுவதுண்டு. அங்கேதான் ஆபத்து. மாடு அசைபோடும் பிராணி. அதற்கு இரைப்பையில் நான்கு அறைகள். குதிரைக்கு ஒரே ஒரு சிறிய இரைப்பை. அது வாந்தி எடுக்கவும் முடியாது. வயிறு உப்பினாலோ குடல் அடைத்தாலோ, சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

அறிகுறிகள்

முன்னங்காலால் தரையைப் பறித்தல், திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தல், படுத்துப் புரளுதல், வியர்த்தல், தீவனத்தை ஒதுக்குதல், லத்தி போடாமை. தாடையின் அடிப்புறம் ஓடும் ரத்தக்குழாயில் விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணலாம். ஓய்வில் உள்ள குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் மிக அவசரம்.

உடனே செய்ய வேண்டியவை

* தீவனத்தை முழுவதும் அகற்றுங்கள்.
* வலி தொடங்கிய நேரம், கடைசியாக லத்தி போட்ட நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள்.
* புரண்டு அடிபடாமல் இருக்க மெதுவாக நடத்தலாம். ஓட்டக் கூடாது. அமைதியாகப் படுத்திருந்தால் எழுப்ப வேண்டாம்.
* அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கோ பேசுங்கள். மேல்சிகிச்சைக்கு மருத்துவர் சொன்னால், திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லலாம்.

செய்யக் கூடாதவை

மாட்டுக்குப் புகட்டுவதுபோல் மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ எண்ணெய், கஷாயம் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தித்தான் மருந்து கொடுப்பார். வலி ஊசியை நீங்களாகப் போடாதீர்கள். வலி அடங்கினாலும் குடல் அடைப்பு உள்ளே அப்படியே இருக்கும்.

வராமல் தடுக்க

* தீவனத்தை ஒரே நாளில் மாற்றாமல், 7 முதல் 10 நாட்களில் படிப்படியாக மாற்றுங்கள்.
* பசும்புல்லும் உலர்புல்லுமே முக்கிய உணவு. கொள்ளு, தவிடு போன்றவற்றைச் சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுங்கள்.
* வெறும் மணல் தரையில் தீவனம் போடாதீர்கள். மணல் குடலில் தங்கும். கொஞ்சம் லத்தியைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீருடன் கலக்கி வைத்தால், மணல் இருந்தால் அடியில் படியும்.
* எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.
* பல் பரிசோதனையும் குடற்புழு நீக்கமும் மருத்துவர் ஆலோசனைப்படி நடக்கட்டும்.

இரண்டு நஞ்சுகளை மறக்க வேண்டாம். கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மொனென்சின், குதிரையின் இதயத்தைத் தாக்கும். மாடு தாங்கும் அளவில் சிறு பங்கே குதிரையைக் கொல்லும். சில மாட்டுத் தீவனங்களிலும் இது இருக்கும் என்பதால் மூட்டையில் உள்ள விவரத்தைப் படியுங்கள். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையைச் சிதைக்கும். மாடு தின்கிறதே என்று அதைக் குதிரைக்குப் போடாதீர்கள்.