வலவர் கலையும் கியர்க் கோலும்

தேர் செலுத்துதலைப் பண்டைத் தமிழர் ஒரு கலையாகவே மதித்தனர். சங்க இலக்கியத்தில் தேரோட்டிக்கு வலவன் என்பது பெயர். போர் முடித்து மீளும் தலைவன், கார்காலம் வந்துவிட்டதே என்று கவன்று, தேரை விரைந்து செலுத்துமாறு தன் பாகனை வேண்டுவதை முல்லைத் திணைப் பாடல்கள் பலவற்றில் காண்கிறோம். குதிரையின் இயல்பறிந்து, வழியின் மேடு பள்ளம் உணர்ந்து, கடிவாளத்தை இறுக்க வேண்டிய இடத்தில் இறுக்கியும் தளர்த்த வேண்டிய இடத்தில் தளர்த்தியும் செல்வதே அவன் திறமை. குதிரை போய் இயந்திரம் வந்த பின்னும் அத்திறமைக்கு வேலை இல்லாமற் போய்விடவில்லை. கடிவாளத்தின் இடத்திற்குக் கியர்க் கோல் வந்தது, அவ்வளவே.

இப்பொழுது நம் காலனிகளில் கியர் மாற்றத் தேவையில்லாத வண்டிகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. "இனிமேல் கியர் வண்டி கற்றுக்கொள்வதால் என்ன பயன்?" என்று இளைஞர்கள் வினவுகிறார்கள். நியாயமான வினாவே. ஆயினும் விடை சொல்லுமுன், அக்கலை எங்ஙனம் தோன்றியது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதைச் சற்றே நோக்குவது நலம்.

கியர் பிறந்த காரணம்

நீராவி இயந்திரத்திற்கும் மின்சார மோட்டாருக்கும் நின்ற நிலையிலேயே இழுவை உண்டு. பெட்ரோல் இயந்திரத்திற்கு அது இல்லை. ஓரளவு வேகமாகச் சுழன்றால்தான் அதற்குப் பலம் பிறக்கும். வேகம் குறைந்தால் தளர்ந்து நின்றுவிடும். நின்ற வண்டியை நகர்த்தவோ மேட்டில் ஏற்றவோ அதன் பலம் நேராகப் போதாது. கடப்பாரையை நெம்புகோலாக இட்டுப் பெரும்பாறையைப் புரட்டுகிறோம் அல்லவா? கை நெடுந்தூரம் நகர்கிறது, பாறை சிறிதளவே அசைகிறது, ஆயினும் அசைகிறது. சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும்பொழுது நிகழ்வதும் இதுவே. வேகம் குறையும், வலிமை மிகும். முதல் கியர் என்பது இவ்வகை நெம்புகோலே. வண்டி வேகம் கொண்டதும் அவ்வளவு வலிமை வேண்டுவதில்லை. ஆகவே அடுத்தடுத்த கியருக்கு மாறுகிறோம்.

இத்தேவையை உலகிற்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் ஒரு குடும்பத் தலைவி என்பது அறிந்து மகிழத்தக்கது. ஜெர்மானியரான கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதனை வாங்குவோர் அரியராக இருந்தனர். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே, தம் மக்கள் இருவரை ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள போர்ஷைம் என்னும் ஊருக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் மேடுகள் வந்தபொழுது வண்டி ஏற மறுத்தது; இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. திரும்பி வந்த அம்மையார், மேடேறுவதற்கென்று மேலும் ஒரு கியர் வேண்டும் என்று கணவரிடம் கூறினார் என்பது வரலாறு.

அதன்பின் மூன்றாண்டுகளில், 1891இல், பிரான்சு நாட்டின் பனார் - லெவாஸோர் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் லெவாஸோர் ஓர் அமைப்பை வகுத்தார். முன்னே இயந்திரம், அதன் பின் கிளட்ச், அதன் பின் பற்சக்கரங்களை நகர்த்தி இணைக்கும் கியர்ப் பெட்டி, அதிலிருந்து பின் சக்கரங்களுக்கு விசை என்பது அவ்வமைப்பு. பல மாறுதல்களை அடைந்திருப்பினும், பின்வந்த பல தலைமுறை வண்டிகளுக்கு அதுவே அடிப்படை.

அக்காலத்துக் கல்வி

லெவாஸோரின் கியர்ப் பெட்டியில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்சக்கரங்களை ஓட்டுபவனே ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். வேகம் ஒத்து வராவிடில் பற்கள் உராய்ந்து அலறும். சில வேளை உடையும். இதற்காகத் தோன்றிய முறையே, நம் லாரி ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் என்று கூறுவது. கிளட்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். கிளட்சை விட வேண்டும். கீழ்க் கியருக்கு இறங்குவதாயின் ஆக்ஸிலரேட்டரைச் சிறிது அழுத்தி இயந்திரத்தின் வேகத்தை உயர்த்த வேண்டும். மீண்டும் கிளட்சை மிதித்துப் புதிய கியரில் இட வேண்டும். இத்தனையும் ஒரு மூச்சில் நிகழ வேண்டும். இதற்குக் கண் பயன்படாது. இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே காலமறிய வேண்டும். தாளம் தவறாத பாடகனைப் போன்றே செவிப் பயிற்சி உடையவனே அக்காலத்தில் நல்ல ஓட்டுநன்.

எனவே இக்கலை தொடக்கத்தில் சிலருக்கே உரியதாயிருந்தது. செல்வர்கள் வண்டி வாங்கினர்; ஓட்டுவதற்கு ஆள் வைத்துக்கொண்டனர். ஷோபர் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு உலை மூட்டுபவன் என்பது முதற்பொருள். நீராவி வண்டிக் காலத்து எச்சம் அது. 1910ஆம் ஆண்டில் லண்டனில் பிரிட்டிஷ் ஸ்கூல் ஆப் மோட்டாரிங் தொடங்கப்பெற்றது. ஆயினும் அந்நாட்டில் ஓட்டும் தேர்வு கட்டாயமானது 1935இல்தான். 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்குமுன் உரிமம் பெறக் கட்டணம் இருந்தால் போதும். திறமையைக் கேட்பார் இல்லை.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு வேறு வழி கண்டார். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையான அவருடைய டி மாடல் வண்டியில் பற்களை நகர்த்திப் பொருத்தும் தொல்லையே இல்லை. இடக்கால் மிதியை அழுத்தினால் கீழ்க் கியர், முற்றிலும் விட்டால் மேற்கியர், நடுமிதி பின்னே செல்ல, வலமிதி பிரேக். ஆக்ஸிலரேட்டரோ கையால் இயக்குவது. குடியானவரும் எளிதில் கற்றனர். ஆனால் அவர்களே பின்னர் வேறு வண்டி வாங்கியபொழுது, கற்றதை மறந்து புதிதாகக் கற்க நேர்ந்தது.

பாரத நாட்டில்

நம் நாட்டில் மோட்டார் வண்டிகளுக்கென்று நாடு தழுவிய சட்டம் 1914இல் இயற்றப்பட்டது. பின்னர் 1939ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை மாற்றி 1988ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. சட்டம் வந்ததேயன்றிக் கற்பிக்கும் பள்ளிகள் நெடுங்காலம் மிகுதியாக இல்லை. பட்டாளத்தில் ஓட்டக் கற்று ஊர் திரும்பியோர் ஒரு சாரார். மற்றையோர் லாரியிலும் பஸ்ஸிலும் கிளீனராகச் சேர்ந்து கற்றவர்களே. வடநாட்டில் உஸ்தாத் என்றும் தமிழ்நாட்டில் வாத்தியார் என்றும் மூத்த ஓட்டுநரை அழைப்பர். வண்டியைக் கழுவி, சக்கரம் மாற்றி, தண்ணீர் ஊற்றி, இரவெல்லாம் அருகில் அமர்ந்து அவர் கை போகும் போக்கைப் பார்த்து, பல மாதங்கள் சென்ற பின் ஆளில்லாத சாலையில் ஒரு நாழிகை ஸ்டீரிங் கிடைக்கும். எழுத்தறியாத எத்தனையோ பிள்ளைகளுக்கு இது ஒன்றே கல்விச்சாலை. ஒரு குடும்பத்தில் ஒருவன் கியர் மாற்றக் கற்றான் என்றால், அக்குடும்பத்தில் அடுப்பு எரியும் என்று பொருள். பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் வந்த நம்மவருள்ளும் இத்தொழிலால் குடும்பத்தை நிலைநிறுத்தியோர் உண்டு.

கோவை தந்த மேதை ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்வும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. பள்ளிப்படிப்பில் நாட்டம் கொள்ளாத அவர், 1920ஆம் ஆண்டில் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். அந்த ஒரு வண்டியே பின்னர்ப் பெரும் போக்குவரத்து நிறுவனமாகவும், பல இயந்திரத் தொழில்களாகவும் வளர்ந்தது. இயந்திரத்தைக் கையாலும் காதாலும் அறிந்தவர் அதனைப் படைக்கவும் வல்லவராவர் என்பதற்கு அவர் சான்று.

இயந்திரம் கற்றுக்கொண்ட பாடம்

1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் வண்டியில் சின்க்ரோமெஷ் என்னும் அமைப்பு புகுத்தப்பட்டது. பற்கள் இணையுமுன் சிறு கூம்புகள் ஒன்றையொன்று தொட்டு வேகத்தைச் சமப்படுத்தும். மனிதன் செவியால் செய்த வேலையை உலோகம் செய்யலாயிற்று. பின்னர் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் கிளட்ச் மிதியே இல்லாத ஹைட்ராமாட்டிக் வந்தது.

நம் நாட்டிற்கு இம்மாறுதல்கள் மெல்லவே வந்தன. உத்தரபாராவில் உருவான அம்பாஸடரிலும், பம்பாயில் உருவான பியட் வண்டியிலும் கியர்க் கோல் நெடுங்காலம் ஸ்டீரிங் தண்டின் பக்கத்திலேயே இருந்தது. முன் இருக்கையில் மூவர் அமரலாம் என்பது அதனால் விளைந்த நன்மை. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின், தரையில் நிற்கும் சிறு கியர்க் கோலும், மெதுவான கிளட்சும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டின. ஆள் வைத்து ஓட்டிய நிலை மாறி, வீட்டினரே ஓட்டும் நிலை பரவியது. தெருமுனைகளில் எல் எழுத்துப் பலகை தாங்கிய பயிற்சி வண்டிகள் தோன்றின; பயிற்றுநர் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் மிதிகள் பொருத்தப்பட்டன.

பெண்டிர் வாழ்வில் இதன் விளைவு பெரிது. கியர் இல்லாத கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் 1984இல் வந்து, பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் பிறர் துணையின்றிச் செல்லும் வழியைப் பலருக்குத் திறந்தது. எனவே கியர் இல்லாமையை இகழ்வது தகாது. அதே வேளையில், 1993இல் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி அம்மையார் தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்தில் பஸ் ஓட்டுநராகப் பணியமர்ந்தார். கனத்த பஸ்ஸின் கிளட்சும் கியரும் ஆடவருக்கே உரியவை என்னும் எண்ணம் அன்று உடைந்தது.

2014இல் மாருதியின் செலேரியோ வந்தபின், குறைந்த விலைக் கார்களிலும் தானே மாறும் கியர் பரவலாயிற்று. மின்சாரக் கார்களுக்கோ மாற்றும் கியரே தேவையில்லை. எதனால் கியர் பிறந்ததோ அக்காரணமே அங்கு இல்லை.

எஞ்சி நிற்கும் கல்வி

அவ்வாறாயின் இக்கலையைக் கைவிட்டுவிடலாமா? இங்குத்தான் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உளது.

கியர் என்பது வண்டியை முன்னே செலுத்துவதற்கு மட்டும் அன்று. தடுத்து நிறுத்துவதற்கும் அதுவே துணை. மலையிறங்கும்பொழுது கீழ்க் கியரில் இட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டால், இயந்திரமே சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை மட்டுமே நம்பி நெடுந்தூரம் இறங்கினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்குவோரைக் காண்கிறோம். சில ரூபாய்க்காக உயிரைப் பணயம் வைப்பதன்றி அது வேறில்லை. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது மூத்த ஓட்டுநர்கள் நமக்கு விட்டுச்சென்ற விதி. கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும், கோடை விடுமுறையில் நம் குடும்பங்கள் செல்லும் முசௌரி, சிம்லா சாலைகளுக்கும் அது ஒன்றே விதி.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதனை நன்கு அறிந்தே வகுக்கப்பட்டன. இறக்கத்தில் விரைந்து கீழ்க் கியருக்கு மாறுதலும், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னே நழுவாமல் மீண்டும் கிளப்புதலும் தேர்வில் காட்ட வேண்டிய திறமைகளாக அவற்றில் கூறப்பட்டுள்ளன. சட்டமோ, இருசக்கர வண்டிகளைக் கியர் உள்ளவை, இல்லாதவை என்று இரு வகுப்பாகப் பிரித்திருந்தும், கார்களில் அவ்வேறுபாட்டைச் செய்யவில்லை. கியர் இல்லாத காரில் கற்றவரும் கியர் உள்ள காரை ஓட்டச் சட்டம் இடந்தருகிறது. இங்கிலாந்தில் அவ்வாறன்று, தானியங்கி வண்டியில் தேர்வு பெற்றவருக்கு அவ்வகை வண்டிக்கே உரிமம். நம் நாட்டில் சட்டம் விட்டுவிட்ட இப்பொறுப்பைப் பெற்றோரே ஏற்க வேண்டும்.

ஆதலின் நம் பிள்ளைகள் எவ்வகை வண்டியை வாங்கினும் வாங்குக. கற்கும்பொழுது சில வாரங்களேனும் கியர் வண்டியில் கற்பது நன்று. அரைக் கிளட்சில் வண்டியை ஏற்றத்தில் நிறுத்திப் பழகியவனுக்கு வண்டியின் எடை காலில் தெரியும். இயந்திரம் திணறும் ஒலியைக் கேட்டவனுக்கு அதன் வரம்பு தெரியும். பின்னர்த் தானியங்கி வண்டிக்குச் சென்றாலும், மலைச்சாலையில் அதன் கீழ்க் கியர் நிலையை எப்பொழுது இட வேண்டும் என்பதை அவன் அறிவான். மின்சார வண்டியிலும் இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு. அதன் பயனையும் அவனே நன்கு உணர்வான்.

செலுத்துவோன் இல்லாமல் தானே செல்லும் வான ஊர்தி ஒன்றைப் புறநானூற்றுப் புலவர் கூறியுள்ளார். ஆனால் அது இவ்வுலகில் செய்யத்தக்க நல்வினைகளை முடித்து விண்ணுலகு செல்வோருக்கு உரியது. மண்ணுலகச் சாலையில், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு இல்லம் திரும்ப வேண்டிய நமக்கோ, வழியறிந்து வேகமறிந்து செலுத்தும் வலவன் இன்னும் தேவையே.