மாத்திரையும் தசையும்: ஜெனா ஆய்வை மறுபடி வாசித்தல்

உடற்பயிற்சி செய்யும் காலத்தில் வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரைகளையும் சேர்த்து விழுங்கினால் தசையின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி தீர்ந்துவிட்டதாகவே இத்துறையில் ஒரு சாரார் எழுதிவருகின்றனர். மாத்திரை எடுத்தவர், எடுக்காதவர் இருவருக்கும் உச்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பு ஒரே அளவில் உயர்கிறது; ஆகவே மாத்திரையால் கெடுதல் இல்லை என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு தவறான அளவுகோலைக் கொண்டு போடப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். அதைச் சொல்வதற்கு, இந்தச் சர்ச்சையைக் கிளப்பிவிட்ட, ஜெர்மனியின் ஜெனா நகரிலிருந்து 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வை மறுபடி நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அதைப் போற்றியவர்களும் தூற்றியவர்களும் அதில் இல்லாத ஒன்றை அதன்மீது ஏற்றிவைத்திருக்கிறார்கள்.

மிக்கேல் ரிஸ்டோவ் தலைமையில் நடந்த அந்த ஆய்வில் 39 ஆரோக்கியமான இளைஞர்கள் பங்கேற்றனர். அவர்களில் 19 பேர் முன்பயிற்சி இல்லாதவர்கள், 20 பேர் பயிற்சி பெற்றவர்கள். நான்கு வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி. அவர்களில் பாதிப்பேருக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 ஐ.யு. வைட்டமின் ஈ. பயிற்சிக்கு முன்னும் பின்னும், ரத்தச் சர்க்கரையை ஒரே நிலையில் நிறுத்திவைக்கும் கிளாம்ப் முறையில் இன்சுலின் ஏற்புத்திறனை அளந்தார்கள். தொடைத்தசையிலிருந்து திசுத்துணுக்கு எடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களிடம் இன்சுலின் ஏற்புத்திறன் கூடியது. எடுத்தவர்களிடம் கூடவில்லை. மைட்டோகாண்ட்ரியா உருவாக்கத்தைத் தூண்டும் பிஜிசி-1 ஆல்ஃபா, பிஜிசி-1 பீட்டா ஆகியவற்றின் மரபணு வெளிப்பாடும், உடலின் சொந்தத் தற்காப்பு நொதிகளான சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகியவற்றின் வெளிப்பாடும் அதே போக்கில் நடந்துகொண்டன.

முடிவு இவ்வளவுதான். திசுத்துணுக்கில் அளக்கப்பட்டது மரபணுக்களின் எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்வதற்கான ஆணை. மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கையோ, சுவாசச் சங்கிலிப் புரதங்களின் அளவோ, ஏடிபி உற்பத்தி வேகமோ அன்று. ஆணை பிறந்தது என்பதால் வேலை நடந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. "மாத்திரை மைட்டோகாண்ட்ரியா வளர்ச்சியைத் தடுக்கிறது" என்று இந்த ஆய்வின் பெயரால் பரவிய வாசகம் அதன் அட்டவணைகள் எதிலும் இல்லை. அது ஓர் ஊகம், அதுவும் நல்ல ஊகம். ஆனால் ஊகத்துக்குரிய மரியாதையை மட்டுமே அதற்குத் தர வேண்டும். கூடவே, நான்கு வாரம் என்பது இத்தகைய கேள்விக்குக் குறுகிய காலம். பங்கேற்றவர்கள் அனைவரும் ஆண்கள்.

இந்த ஊகம் ஜெனாவில் பிறந்ததும் அன்று. 1982இல் பெர்க்லியில் டேவிஸ், குவின்டனில்யா, புரூக்ஸ், பேக்கர் ஆகியோர், களைத்துவிழும்வரை ஓடிய எலிகளின் தசையில் தனி உறுப்புகளின் (ஃப்ரீ ரேடிக்கல்) சமிக்ஞை பெருகுவதைக் கண்டறிந்தார்கள். அக்கட்டுரை இன்று பெரும்பாலும் "உடற்பயிற்சி செல்லைச் சேதப்படுத்துகிறது" என்பதற்கான முதல் சான்றாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் பயிற்சியால் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கு அந்தச் சேதமே தூண்டுதலாக இருக்கலாம் என்றும் அவர்கள் அதிலேயே எழுதியிருந்தார்கள். ஆக்சிஜன் வழி உண்டாகும் இம்மூலக்கூறுகளை வெறும் அழுக்காகப் பார்த்து, அதைத் துடைக்க மாத்திரை தேடிய ஒரு தலைமுறை அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு ஜெனா ஆய்வு அந்தக் கருத்தை மனிதரிடம் சோதித்தது என்று சொல்வதே பொருத்தம்.

இனி மறுப்பாளர்களின் தரப்பு. அவர்களுடைய வலுவான ஆயுதம் கோபன்ஹேகனிலிருந்து 2010, 2011ஆம் ஆண்டுகளில் வந்த இரு கட்டுரைகள். 21 இளைஞர்கள், 12 வாரம் மிதிவண்டிப் பயிற்சி, இருசார் அறியா முறை, 500 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 ஐ.யு. வைட்டமின் ஈ. உச்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பு இரு குழுவிலும் உயர்ந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் அளவுக்கு அடையாளமாகக் கொள்ளப்படும் சிட்ரேட் சிந்தேஸ் நொதியின் செயல்பாடும் இரு குழுவிலும் உயர்ந்தது. கிளாம்ப் முறையில் அளந்த இன்சுலின் ஏற்புத்திறனும் அப்படியே. இன்சுலினைப் பொறுத்தவரை ஜெனாவின் முடிவைப் பொது விதியாக்க முடியாது என்பதை இதற்குமேல் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. வைட்டமின் சி-யின் அளவு பாதியாக இருந்ததால்தான் விளைவு மாறியது என்று ஜெனா தரப்பினர் சிலர் கூறும் சமாதானம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1996இல் வெளிவந்த, ஆய்வாளர் லெவினின் அளவீடுகளின்படி, நாளுக்கு 100 மில்லிகிராமிலேயே வெள்ளணுக்கள் வைட்டமின் சி-யால் நிறைந்துவிடுகின்றன. அதற்குமேல் ரத்த நீரில் கூடுவது சொற்பம். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையில் மலையளவு வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் இன்சுலின் கேள்வி வேறு, மைட்டோகாண்ட்ரியா கேள்வி வேறு. முதலாவதில் ஜெனா தோற்றால் இரண்டாவதிலும் தோற்றதாகிவிடாது. இந்த இடத்தில்தான் மறுப்பாளர்கள் கால் வைக்கக் கூடாத படியில் வைக்கிறார்கள்.

2014இல் ஆஸ்லோவிலிருந்து பால்சனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையை இங்கே கொண்டுவர வேண்டும். பங்கேற்றவர்கள் ஆணும் பெண்ணுமாக 54 பேர். பதினொரு வாரம், வாரத்துக்கு மூன்று நான்கு முறை ஓட்டப் பயிற்சி. ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 235 மில்லிகிராம் வைட்டமின் ஈ; மற்றதற்குப் போலி மாத்திரை. உச்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பு இரு குழுவிலும் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. இதோடு நிறுத்திக்கொண்டால் மறுப்பாளர்களுக்கு வெற்றி. தொடைத்தசையின் திசுவைப் பார்த்தால் கதை மாறுகிறது. சுவாசச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் அமர்ந்திருக்கும் காக்ஸ்-4 என்ற புரதம் போலி மாத்திரைக் குழுவில் சராசரி 59 சதவீதம் கூடியது. வைட்டமின் குழுவில் கூடவே இல்லை, சராசரி 13 சதவீதம் குறைவாக இருந்தது. பிஜிசி-1 ஆல்ஃபாவும் அதே திசையில் சென்றது. இம்முறை அளந்தது எம்ஆர்என்ஏ-வை அன்று, புரதத்தை. ஜெனாவில் ஊகமாக இருந்தது ஆஸ்லோவில்தான் சான்றாயிற்று.

எச்சரிக்கையாகவே படிப்போம். அந்த 59 சதவீதத்தின் திட்ட விலக்கம் 97. அதாவது ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாடு சராசரியைவிடப் பெரிது. 20 மீட்டர் தொலைவை மாறி மாறி ஓடும் ஷட்டில் சோதனையில் போலி மாத்திரைக் குழு 14 சதவீதமும் வைட்டமின் குழு 10 சதவீதமும் முன்னேறின. இது புள்ளியியல் நோக்கில் வேறுபாடாகக் கொள்ளத்தக்கது அன்று. கோபன்ஹேகனின் சிட்ரேட் சிந்தேஸ் ஒரு பக்கம், ஆஸ்லோவின் காக்ஸ்-4 மறுபக்கம் நிற்பது உண்மை. முதலாவது மைட்டோகாண்ட்ரியாவின் உள்நீர்மத்தில் இருக்கும் நொதி, இரண்டாவது அதன் உட்சவ்வில் பதிந்த புரதம். இரண்டும் ஒரே வேகத்தில் ஏற வேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்த விளக்கம் போதாது என்போர் உண்டு. போதாமல் இருக்கலாம். ஆனாலும் 21 பேரின் முடிவைக் கொண்டு 54 பேரின் முடிவை ஓரம் கட்டுவது எந்த முறையியலிலும் சேராது.

இனி அளவுகோலுக்கு வருவோம். உச்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பு என்பது பெரும்பாலும் இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, அந்த ரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதன் அளவு. தசையின் மைட்டோகாண்ட்ரியா அதில் பங்கேற்கிறது, தீர்மானிப்பதில்லை. இதற்கு மிகத் தெளிவான சான்றும் பெர்க்லியிலிருந்தே வந்திருப்பது வேடிக்கை. 1980-களின் தொடக்கத்தில் அங்கு எலிகளுக்கு இரும்புச்சத்து இல்லாத தீவனம் கொடுத்தார்கள். ரத்தமும் சோகை பிடித்தது, தசையின் மைட்டோகாண்ட்ரியாவும் சுருங்கியது. பிறகு ரத்தமாற்று மூலம் ரத்தத்தை மட்டும் சரிசெய்தார்கள். உச்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பு உடனே ஏறியது. நெடுநேரம் ஓடும் தாக்குப்பிடிப்பு மட்டும் ஏறவில்லை. தசையின் மைட்டோகாண்ட்ரியா தேறும்வரை அது காத்திருந்தது. இரண்டும் வெவ்வேறு கயிற்றில் கட்டப்பட்டவை என்பது அப்போதே தெரிந்த செய்தி. 2008இல் வலென்சியாவில் எலிகளுக்கு வைட்டமின் சி கொடுத்துப் பயிற்றுவித்தபோதும் குன்றியது தாக்குப்பிடிப்பே. எலி தன் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும் விலங்காயிற்றே என்ற ஆட்சேபம் இங்கு எழும். கூடுதலாகக் கொடுத்ததன் விளைவைப் பேசும்போது அந்த ஆட்சேபத்துக்கு அதிக எடை இல்லை.

ஆக, உச்ச ஆக்சிஜன் உள்ளெடுப்பில் வேறுபாடு இல்லை என்ற முடிவு மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இன்னொன்றையும் கவனிக்கலாம். ஜெனா, கோபன்ஹேகன், ஆஸ்லோ என்ற மூன்றிலும் தகராறு "விளைவில்லை" என்பதற்கும் "பயிற்சியின் பலன் மழுங்குகிறது" என்பதற்கும் இடையில்தான். மாத்திரையால் பயிற்சியின் பலன் கூடியது என்று இந்த மூன்றில் எதுவும் காட்டவில்லை.

ஐரோப்பியத் தசையில் கண்டதை நம்மவர் தசைக்குப் பொருத்தலாமா என்ற கேள்வி நியாயமானது. 2008இல் மேயோ கிளினிக்கில் நாயரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களின் தசையைச் சோதித்தபோது, வட ஐரோப்பிய வம்சாவளியினரைவிட அவர்களுடைய மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி உற்பத்தித் திறன் கூடுதலாகவே இருந்தது. இன்சுலின் எதிர்ப்போ அவர்களிடம் மிக அதிகம். மைட்டோகாண்ட்ரியா பழுதானால்தான் சர்க்கரை நோய் என்ற எளிய சமன்பாட்டை அது உடைத்தது; இன்சுலினையும் மைட்டோகாண்ட்ரியாவையும் பிரித்துப் பேச வேண்டும் என்ற என் வாதத்துக்கும் அதுவே துணை நிற்கிறது.

தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் 500 மில்லிகிராம் சப்பும் மாத்திரையும் பச்சை நிற வைட்டமின் ஈ கேப்சூலும் மருத்துவர் சீட்டில்லாமலே கிடைக்கின்றன. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களும் ஜிம்முக்குப் போகிறவர்களும் "எனர்ஜிக்கு" என்று சொல்லியே அவற்றை வாங்குகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் ஆணுக்குப் பரிந்துரைத்த வைட்டமின் சி நாளுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. ஜெனாவிலும் ஆஸ்லோவிலும் கொடுத்தது இதைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை சாப்பிடுபவர்கள் இந்தச் சர்ச்சையைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. குறைபாட்டுக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் இந்த வாதத்துக்குள் வராது.

உண்மையில் நம் ஊரில் மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிப் பேச வேண்டுமானால் வைட்டமின் ஈ-யை விட்டுவிட்டு இரும்பைப் பேச வேண்டும். சுவாசச் சங்கிலியின் சைட்டோகுரோம்களும் இரும்பு-கந்தகத் தொகுதிகளும் இரும்பில்லாமல் உருவாகா. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோகை எல்லாமே இரும்புக் குறையால் வருவதன்று. ஆனால் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. "மாடி ஏறினாலே கால் துவண்டுபோகிறது" என்று சொல்லும் பெண்ணிடம் ஹீமோகுளோபின் சரியாகிவிட்டது என்று கூறி இரும்பு மாத்திரையை நிறுத்துவது, பெர்க்லி எலிகளின் ரத்தத்தை மட்டும் பார்த்துத் தசையைப் பார்க்காமல் விட்டதற்குச் சமம். வைட்டமின் சி-க்கு நியாயமான வேலை இங்கேதான் இருக்கிறது. கீரையோடும் பருப்போடும் பிழியும் எலுமிச்சை, தாவர உணவின் இரும்பைக் குடல் உறிஞ்ச உதவுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைக் கெடுக்கிறது.

பயிற்சி செய்கிறவருக்கு "சத்துக்கு" என்று சி, ஈ மாத்திரைகளை எழுதித் தரும் வழக்கத்தை நிறுத்தலாம். நிறுத்துவதால் இழப்பு ஏதும் இல்லை. அதே சீட்டில் பெண்களுக்கு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை எழுதுங்கள்.