பெத்ரோ பெர்னாந்திஸ் தெ கெய்ரோஸ்

போர்த்துக்கல் நாட்டு எவோரா நகரில் 1565-ஐ ஒட்டிப் பிறந்து, அந்நாட்டு முடியையும் 1580-இல் ஸ்பெயின் மன்னரே சூடிக்கொண்டபின் ஸ்பானியக் கப்பல்களில் ஊழியம் ஏற்று, பசிபிக் மகாசமுத்திரத்தின் தென்பாகத்தில் மாபெரும் கண்டம் ஒன்று உண்டு என்ற நம்பிக்கைக்குத் தம் ஆயுளை அர்ப்பணித்த கடலோடி. மீகாமராக அவரை விஞ்சியவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆயினும் பிறருடைய தலைமையின் கீழ் அரிய காரியங்களைச் சாதித்த அந்தச் சாமர்த்தியம், தாமே தலைவரானபோது அவருக்குத் துணைவரவில்லை.

சாலமன் தீவுகளை 1568-இல் கண்டிருந்த ஆல்வாரோ தெ மெந்தானா, அங்கே குடியேற்றம் அமைக்கும் நோக்கத்துடன் 1595-இல் பெரு நாட்டிலிருந்து நான்கு கப்பல்களில் புறப்பட்டபோது, கெய்ரோஸ் தலைமை மீகாமராக உடன் சென்றார். வழியில் கண்ட மார்க்கேசஸ் தீவுகளில் சிப்பாய்கள் சுமார் இருநூறு குடிகளைச் சுட்டுக் கொன்றதை அவர் பின்னர் வேதனையோடு குறிப்பிட்டார். சாந்தா குரூஸ் தீவில் நோயும் உட்பகையும் தலைவிரித்தாட, அக்டோபரில் மெந்தானா மரணமடைந்தார். அதிகாரம் அவருடைய மனைவி இசபெல் பரேத்தோவின் கைக்கு வந்தது. குடிநீரின்றி மாலுமிகள் நாள்தோறும் மடிந்துகொண்டிருக்கையில் அந்த அம்மையார் நன்னீரில் தம் ஆடைகளை வெளுப்பித்தார் என்று கூறும் கெய்ரோஸ், பாயும் கயிறும் இற்றுப்போன கப்பலை, அக்கடற்பகுதிக்கு வரைபடமே இல்லாத நிலையில், 1596 பிப்ரவரியில் மணிலாவுக்குக் கொண்டு சேர்த்தார். அவர் வாழ்வின் மிகச் சிறந்த சாதனை இதுவே எனலாம்.

யுபிலி ஆண்டான 1600-இல் ரோமாபுரிக்கு யாத்திரை சென்று, பாப்பரசர் எட்டாம் கிளமெண்டின் ஆதரவைப் பெற்று, மூன்றாம் பிலிப் மன்னரின் ஆணையுடன் மீண்ட அவர், 1605 டிசம்பர் 21 அன்று மூன்று மரக்கலங்களுடன் கய்யாவோ துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டார். கப்பலில் சூதாட்டமும் தெய்வநிந்தனையும் கூடாதென்றும், தீவுவாசிகளைப் பிதா தம் பிள்ளைகளை நடத்துவதுபோல நடத்தவேண்டுமென்றும் அவர் விதித்தவை உயர்ந்த விதிகளே; அவற்றைக் காக்கும் கண்டிப்புதான் அவரிடம் இல்லை. தென்மேற்கே சென்று 26 பாகை அட்சரேகையை அடைந்ததும், இரண்டாங் கப்பலின் தலைவரான லூயிஸ் வாயெஸ் தெ தோரஸ் மேலும் தெற்கே போகவேண்டுமென்று வற்புறுத்தியும், நோயுற்று அறையில் கிடந்த கெய்ரோஸ் திசையை வடமேற்காக மாற்றினார். தேடிவந்த கண்டம் இருப்பதாக அவரே நம்பிய திசைக்கு முதுகு காட்டிய இச்செயலே, என் கருத்தில், பிரயாணத்தின் கதியை நிர்ணயித்தது. தலைமை மீகாமர் கலகத்துக்குத் தூபமிட்டபோதும், அவரைப் பதவி நீக்கி வேறு கப்பலுக்கு அனுப்பியதோடு நின்றுவிட்டார். தண்டிக்க மனமில்லாத இந்தத் தயை மனிதருக்குப் பெருமை தருவதுதான். ஆனால் கலகக்காரர்கள் அதைப் பலவீனமாகவே கண்டார்கள்.

1606 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய வனுவாட்டு நாட்டின் மிகப்பெரிய தீவில் ஓர் அகன்ற விரிகுடாவை அடைந்தவுடன், கண்டம் கிடைத்துவிட்டதென்று அவர் நிச்சயித்துக்கொண்டார். அங்கே ஓடிய நதிக்கு யோர்தான் என்றும், அமையவிருந்த நகருக்குப் புதிய எருசலேம் என்றும் பெயரிட்டு, பெந்தகோஸ்துத் திருநாளன்று தென்துருவம் வரையிலான நிலமனைத்தையும் மன்னர் பெயரால் சுவாதீனம் செய்து, பரிசுத்த ஆவியின் பெயரால் ஒரு வீரர் சங்கத்தையும் நிறுவி, சமையற்காரர் உட்பட எல்லோர் மார்பிலும் நீலச் சிலுவை அணிவித்தார். உடன்வந்த தியேகோ தெ பிராதோ இதைக் கடுமையாக ஏளனம் செய்தார். அந்த ஏளனத்தைக் காட்டிலும் கொடியது கரையில் நடந்தது: முதற் சந்திப்பிலேயே சிப்பாய்கள் தீவினர் ஒருவரைச் சுட்டு வீழ்த்தினர், பின்னர் கிராமங்களிலிருந்து உணவைப் பறித்தனர், சிறுவர் மூவரைப் பிடித்து வந்தனர். பிதாவைப் போல் நடத்தவேண்டுமென்று எழுதிய அதே மனிதர், அச்சிறுவர்களின் ஆன்ம இரட்சணியத்துக்கென்று சொல்லி, பெற்றோர் கதறியும் அவர்களைத் திருப்பித் தர மறுத்தார். அவருடைய பக்தியின் நேர்மையை ஐயுறாதவர்களும் இதை மன்னிக்க இயலாது.

ஒரு மாதத்துக்குச் சற்று மேல் அங்கே தங்கியபின் ஜூன் 8 அன்று நங்கூரமெடுத்த கப்பல்கள் எதிர்க்காற்றால் விரிகுடாவுக்குத் திரும்ப முயன்றன. மற்ற இரண்டும் கரையை அடைய, கெய்ரோஸின் கப்பல் இரவில் பிரிந்து கடலுக்குள் சென்று, மீளாமலேயே நவம்பரில் மெக்ஸிகோவின் அகாபுல்கோவை அடைந்தது. காற்றே காரணம் என்றார் அவர். மாலுமிகள் கலகம் செய்தனர் என்றார் பிராதோ. சுமார் இரண்டு வாரம் காத்திருந்த தோரஸ், நியூகினியின் தென்கரையை ஒட்டி, இன்று அவர் பெயர் தாங்கும் நீரிணை வழியே சென்று, 1607 மே மாதம் மணிலாவை அடைந்தார்.

1607-இல் மத்ரித் திரும்பிய கெய்ரோஸ், கண்ட நிலம் ஐரோப்பாவையும் சின்ன ஆசியாவையும் பாரசீகத்தையும் சேர்த்த அளவினது என்று, வறுமையின் நடுவே விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பமாக ஏறக்குறைய ஐம்பது எழுதி மன்னருக்குச் சமர்ப்பித்தார். அவற்றுள் ஒன்று பல ஐரோப்பிய மொழிகளில் வெளிவந்து, தென்கண்டத் தேட்டத்தை நெடுங்காலம் உயிரோடு வைத்திருந்தது. மூன்றாம் பிரயாணத்துக்கு அனுமதி கிட்டுமென்ற நம்பிக்கையோடு பெருவை நோக்கிப் புறப்பட்ட அவர், 1615-ஐ ஒட்டிப் பனாமாவில் காலமானார். அவர் கண்டம் என்று நம்பியது ஒரு தீவே என்பதை 1768-இல் பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில் அதன் தெற்கே கப்பலோட்டி மெய்ப்பித்தார்.