பூட்டு யாரை அறியும்?

சித்தன்னவாசலைக் காணப் புதுக்கோட்டைக்கு வரும் பயணியர் எவருக்கும் நேரக்கூடியது இது. காரை விட்டிறங்கிக் கதவைச் சாத்திய பிறகே சாவி உள்ளே தொங்குவது தெரிகிறது. கண்ணாடி வழியே கண்ணுக்குப் படுகிறது, கைக்கு எட்டவில்லை. தம் வண்டிக்குத் தாமே அயலாராகிவிடுகிறார் உடையவர். சிறு தொல்லைதான். ஆயினும் பூட்டு யாரை அறியும் என்னும் பழைய கேள்வி இதற்குள் இருக்கிறது.

பூட்டுக்கு முன் தாழ் இருந்தது. குறளின் அன்புடைமை அதிகாரத்திலேயே அச்சொல் உண்டு. பழைய வீடுகளில் இரவில் கதவின் பின்னே தாழிடுவர். வெளியே நிற்பவர் குரல் கொடுப்பார். உள்ளிருப்பவர் குரலை அறிந்து திறப்பார். அங்கே திறவுகோல் மனிதரே.

சாவி உள்ளே அகப்பட்ட நிலையை ஒத்த கதை ஒன்றை, உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் மூவரின் கையடையாளத்தோடு பூட்டப்பட்டிருந்தன. மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று கேட்டபோது, மூவரும் வந்தாலன்றித் திறத்தற்கில்லை என்றனர் அந்தணர். மூவரோ மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. மன்னன் அவர்தம் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து, உடையவர் வந்தனர் என்று காட்டினான், கதவு திறந்தது. உள்ளே ஏடுகளில் பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது. அம்மன்னனை முதலாம் இராசராசன் (985-1014) என்பர். இதனை அப்படியே வரலாறாகக் கொள்ளலாமா என்பது வேறு வினா. காவல் நீண்டால் காக்கப்படும் பொருளே அழியும் என்று புராணம் அறிந்திருந்தது.

ஐரோப்பாவில் பூட்டு வேறு வழியில் வளர்ந்தது. இலண்டனில் பிராமா செய்த பூட்டொன்று, திறப்பவருக்குப் பரிசென்னும் அறைகூவலோடு அறுபதாண்டுகளுக்கு மேல் திறக்கப்படாதிருந்தது. 1851 பெருங்கண்காட்சியின்போது அமெரிக்கரான ஹாப்ஸ் அதனைத் திறந்துகாட்டினார். இது திருடருக்குப் பாடமாகாதா என்று கேட்டவர்களுக்கு, திருடர் முன்பே நன்கறிவர் என்பதே அவர் விடை. பின்னர் 1861, 1865 ஆண்டுகளில் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற பூட்டில், சாவியின் வெட்டுகள் உள்ளிருக்கும் ஊசிகளை உரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை திரும்பும். பல கார்ப்பூட்டுகளில் ஊசிகளுக்குப் பதில் மெல்லிய தகடுகள், தத்துவம் ஒன்றே. இப்பூட்டு உடையவரை அறியாது. வெட்டுகளை மட்டுமே அறியும்.

பழைய கார்களில் இந்த அறியாமைக்கு மாற்று இருந்தது. கண்ணாடி இடுக்கில் கம்பியை வளைத்து நுழைத்துக் கதவின் குமிழைத் தூக்கலாம். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையே இரும்பு ஸ்கேலை இறக்கி, உள்ளிருக்கும் கம்பியை இழுக்கலாம். தெருவோரச் சாவிக்காரரும் மெக்கானிக்கும் கைவிரல்களால் கற்றிருந்த கல்வி அது. புதிய கார்களில் அக்கம்பிகள் மறைக்கப்பட்டுள்ளன. கதவினுள் மின்கம்பிகளும் ஓடுவதால் ஸ்கேல் கேட்டையே விளைவிக்கும். சாவியின் வெட்டுகள் இருந்த இடத்தில் இன்று வானொலி அலையில் வரும் குறியீடு இருக்கிறது. பூட்டு இன்னும் நுட்பமாயிற்று. ஆளை அறிவது மட்டும் கூடவில்லை.

உள்ளே சாவி மட்டும் இருந்தால் காத்திருக்கலாம்; மாற்றுச் சாவி வரும். குழந்தை இருந்தால்? அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஆய்வொன்றில், வெயிலில் நின்ற காரினுள் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அதில் 80 விழுக்காடு முதல் அரை மணிக்குள். கண்ணாடியைச் சிறிது இறக்கிவைத்தும் பெரும்பயன் இல்லை. புதுக்கோட்டையின் சித்திரை வெயிலில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அந்நேரத்தில் 112-ஐ அழைக்கவேண்டும். உதவி வரும்வரை காத்திராமல், குழந்தைக்குத் தொலைவான பக்கக் கண்ணாடியின் மூலையைக் கூரிய கடும்பொருளால் உடைக்கவேண்டும். பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடி சிறு துண்டுகளாகவே உதிரும். முன்கண்ணாடி அப்படி உடையாது.

தில்லையில் கதவு திறப்பதற்குள் ஏடுகள் போயின. அங்கே முறை தவறாமல் திறக்க ஒரு மன்னன் வழி கண்டான். உயிர் உள்ளிருக்கும்போது முறையைத் தேடிக்கொண்டிருப்பதே பிழை.